பூச்சிய எண் சங்கம்

ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள சிற்றூர் கில்வின்னிங். புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைத் தழுவிய துறவியர் 12-ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு மடாலயம் எழுப்பினர். அதைக் கட்டிய கொத்தர்களே தங்கள் முன்னோர் என்பது அவ்வூர் பிரீமேசன் சகோதர சங்கத்தாரின் மரபு.

1599-இல் அரசரின் கட்டடப் பொறுப்பாளர் வில்லியம் ஷா வகுத்த விதிகள் எடின்பரோ சங்கத்தை முதலாவதாகவும், கில்வின்னிங்கை இரண்டாவதாகவும் குறித்தன. எடின்பரோவின் குறிப்பேடு அவ்வாண்டே தொடங்குகிறது. கில்வின்னிங்கின் குறிப்பேடோ 1642-இல்தான் தொடங்குகிறது.

1736-இல் உருவான ஸ்காட்லாந்துப் பெருஞ்சங்கம், மூப்பை ஏடுகளைக் கொண்டே அளந்தது. முதலிடம் எடின்பரோவுக்குச் சென்றது. மனம் புண்பட்ட கில்வின்னிங் 1743-இல் விலகித் தனித்து நின்றது. பிற ஊர்ச் சங்கங்களுக்குத் தானே பட்டயங்கள் வழங்கியது. 64 ஆண்டுகளுக்குப்பின், 1807-இல் சமரசம் பிறந்தது. எடின்பரோ ஒன்றாம் எண்ணிலேயே இருக்க, கில்வின்னிங்கிற்கு அதற்கும் முந்திய பூச்சியம் அளிக்கப்பட்டது. அந்த எண் இன்றும் நிலைத்திருக்கிறது.

திருத்தந்தை 12-ஆம் கிளமெண்ட் 1738-இல் கத்தோலிக்கர் இச்சங்கங்களில் சேர்வதைத் தடைசெய்தார். அத்தடை இன்றும் நீங்கவில்லை. ஆயினும் இவ்வழக்கு நமக்கு அந்நியமன்று. ஒருவரையொருவர் சகோதரர் என்றழைத்தவர்களையே முதலிடம் பற்றிய வேட்கை இரு தலைமுறைக் காலம் பிரித்து வைத்தது.

அம்மடாலயம் 1560-இன் சமயப் புரட்சிக்குப்பின் சிதைந்து, இன்று இடிபாடுகளாய் நிற்கிறது. கல்லடுக்கிய கைகளுள் முதற்கை எது என்பதை அச்சுவர்கள் சொல்வதில்லை.