கற்றை ஒளிர்வுமானிகள்

எதிரெதிர்த் திசைகளில் விரைந்துவரும் இரண்டு துகட்கற்றைகள் ஒன்றையொன்று ஊடுருவும் இடத்தில், அவை எவ்வளவு அடர்த்தியாகவும் பொருத்தமாகவும் சந்திக்கின்றன என்பதை அளந்து கூறும் உபகரணங்கள் ஒளிர்வுமானிகள் எனப்படும். ஒளிர்வு என்னும் இந்த ராசியை ஒரு வினையின் மோதற்பரப்பால் பெருக்கினால், அவ்வினை நொடிக்கு எத்தனை முறை நிகழும் என்பது பெறப்படும். ஜெனீவாவை அடுத்த செர்ன் நிலையத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுடன் அமைந்துள்ள பெரும் ஹாட்ரான் மோதுவி, சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு 10-இன் 34-ஆம் அடுக்கு என்ற ஒளிர்வை உத்தேசித்து நிர்மாணிக்கப்பட்டது. ஒரு துகள் எவ்வளவு அடிக்கடி பிறக்கிறது என்று சொல்ல முற்படும் விஞ்ஞானி, தாம் எண்ணிய எண்ணிக்கையை ஒளிர்வால் வகுத்தே தீரவேண்டுமாதலால், ஒளிர்வில் உள்ள பிழை அவருடைய முடிவிலும் அப்படியே வந்து தங்கிவிடுகிறது.

கணக்கிட்டு முன்னரே திட்டமாக அறிந்த ஒரு வினையை எண்ணுவதே மிகவும் சௌகரியமான வழி. 1989 முதல் 2000 வரை செர்னில் இயங்கிய எலெக்ட்ரான்-பாசிட்ரான் மோதுவியாகிய லெப்பில் இவ்வழியே கையாளப்பட்டது. எலெக்ட்ரானும் பாசிட்ரானும் சிதறும் முறையை 1930-களின் நடுவில் கேம்பிரிட்ஜில் இருந்தபோது ஹோமி பாபா கணித்திருந்தார். அவர் பெயராலேயே வழங்கும் அச்சிதறலைக் கற்றைக்கு மிக அண்மையிலுள்ள சிறு கோணங்களில் எண்ணுவதற்காக, டங்ஸ்டன் தகடுகளையும் சிலிக்கான் உணரிகளையும் மாறிமாறி அடுக்கிய ஒளிர்வுமானிகள் பொருத்தப்பட்டன. கோணம் சிறிதாகச் சிறிதாகச் சிதறல் மிக வேகமாகப் பெருகுவதால், கருவியின் உள்விளிம்பு சில மைக்ரான் விலகியிருந்தாலும் கணக்குக் கெட்டுவிடும். லெப்பின் பரிசோதனைகளுள் ஒன்றான ஓபலின் குழுவினர் இவ்விளிம்பை அத்தனை நுட்பமாக அளந்து, பரிசோதனைப் பிழையை 0.034 சதவீதத்துக்குக் குறைத்தனர்.

அவ்வளவு பிரயாசைக்குப் பின்னும் ஒரு குறை எஞ்சியிருந்தது. ஒளிர்வைச் சார்ந்து கணிக்கப்படும் நியூட்ரினோ வகைகளின் எண்ணிக்கை லெப் அளவீடுகளிலிருந்து 2.984 என்று வந்து, எதிர்பார்த்த மூன்றுக்குச் சற்றுக் குறைவாகப் பல ஆண்டுகள் நின்றது. சிதறிய துகள்களை எதிர்க்கற்றையின் மின்காந்த ஈர்ப்பு அச்சை நோக்கி லேசாக வளைத்துவிடுவதால், உள்விளிம்பின் அருகே சில துகள்கள் எண்ணப்படாமல் தப்பின என்பதும், அதனால் ஒளிர்வு ஏறத்தாழ 0.1 சதவீதம் குறைவாக மதிப்பிடப்பட்டது என்பதும் 2019-இல் எடுத்துக்காட்டப்பட்டன. இதனையும் சிதறல் கணிப்பில் செய்த திருத்தத்தையும் சேர்த்தபின் அவ்வெண் 2.996 ஆயிற்று. லெப் நிறுத்தப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் சென்ற பிறகும் ஓர் அளவீட்டைச் செம்மைப்படுத்த முடிந்தது, குறிப்பேடுகளை ஒழுங்காக வைத்திருந்தவர்களுக்குரிய பெருமை என்றே கொள்ளவேண்டும்.

புரோட்டான்கள் மோதும் யந்திரங்களில் அத்தகைய எளிய வினை கைவசம் இல்லை. இதற்கு 1968-இல் செர்னைச் சேர்ந்த சிமோன் வான் டெர் மீர் ஒரு சுருக்கமான குறிப்பில் உபாயம் கூறினார். அவர் கருதிய புரோட்டான் வளையங்கள் 1971-இல்தான் இயங்கத் தொடங்கின. கற்றைகளை ஒன்றுக்கொன்று படிப்படியாக விலக்கிக்கொண்டே எண்ணிக்கை எவ்வாறு சரிகிறது என்று பார்த்தால், அந்த வளைகோட்டின் பரப்பை உச்சத்தால் வகுத்துக் கற்றைகளின் பயனுறு அகலம் பெறலாம். அதனோடு மின்னோட்டமும் சுழற்சி வேகமும் தெரிந்தால் ஒளிர்வின் முழுமதிப்பு கைக்கு வரும். பெரும் ஹாட்ரான் மோதுவியில் இதற்கென்றே கற்றையிலுள்ள துகட்கொத்துகளின் எண்ணிக்கையைக் குறைத்து, தனி ஓட்டங்களில் இரு திசைகளிலும் கற்றைகளை நகர்த்துகின்றனர். கிடைத்திசையும் குத்துத்திசையும் ஒன்றையொன்று சாராதவை என்று கொள்ளும் அனுமானம் முற்றும் மெய்யன்று என்பதே இம்முறையின் முக்கியமான பலவீனம்.

இவ்வாறு அளவு குறிக்கப்பட்டபின், நாள்தோறும் எண்ணிக்கொண்டிருப்பது வேறு கருவிகளின் வேலை. அம்மோதுவியின் அட்லஸ் பரிசோதனையில் லூசிட் என்னும் கருவி, மோதுமிடத்திலிருந்து இருபுறமும் ஏறக்குறைய 17 மீட்டர் தூரத்தில், கற்றைக்குழாயைச் சுற்றி ஒளிப்பெருக்கிக் குழாய்களாக அமைந்துள்ளது. துகள் ஒன்று குழாயின் குவார்ட்சுச் சாளரத்தைக் கடக்கும்போது அங்கேயே செரன்கோவ் ஒளி எழுகிறது. 25 நானோநொடிக்கு ஒரு முறை கொத்துகள் சந்திக்க, ஒவ்வொரு சந்திப்பிலும் பல மோதல்கள் நேர்வதால், நிகழ்ந்ததை எண்ணுவதைக்காட்டிலும் ஒன்றும் புலப்படாத சந்திப்புகளை எண்ணிப் பாய்சான் விதியால் சராசரியைக் கணிப்பது வழக்கம். மோதல்கள் மிகுந்து வெற்றுச் சந்திப்புகளே அரிதாகிவிட்டால், தாக்குற்ற குழாய்களைத் தனித்தனியே எண்ணுவர். குழாய்களின் பெருக்கம் நாளடைவில் மாறுமாதலால், சாளரத்தின்மேல் பூசிய சொற்ப அளவான பிஸ்மத் 207 வெளியிடும் எலெக்ட்ரான்களைக் கொண்டு, கற்றை இல்லாத இடைவேளைகளில் பரிசோதித்து மின்னழுத்தத்தைத் திருத்துகிறார்கள். 2015 முதல் 2018 வரையிலான தரவுகளுக்கு அட்லஸ் எட்டிய பிழை 0.83 சதவீதம்.

அதே மோதுவியிலுள்ள எல்எச்சிபி பரிசோதனை பிறிதொரு மார்க்கத்தையும் சேர்த்துக்கொண்டது: கற்றைக்குழாயினுள் சிறிது நியான் வாயுவைச் செலுத்தி, வாயுவோடு புரோட்டான்கள் மோதும் புள்ளிகளைக் கொண்டே கற்றையின் வடிவத்தை வரைந்தெடுப்பது. ஒளிர்வை அளப்பதற்காகப் புகுத்திய அந்த வாயு அமைப்பு பின்னர் நிலையான இலக்காகவும் பயன்பட்டு, வாயுவைச் சிறு கலத்தினுள் அடைத்துவைக்கும் புதிய வடிவத்தையும் பெற்றது.