பீப்பிள்ஸ் பார்க் எங்கே போனது?



தாம்பரம் பக்கமிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரலுக்குப் போகிறவர்கள் 'பார்க்' நிலையத்தில் இறங்குவோம். சாலையைக் கடந்தால் வரும் பகுதிக்குப் பெயர் பார்க் டவுன். இரண்டு இடத்திலும் 'பார்க்' என்ற பெயர் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? வரும் பொதுக்குழுவில் நம் நகர்ப் பூங்கா பற்றிய இரண்டு தீர்மானங்கள் வரவிருப்பதால், இந்தப் பழைய கதையை இப்போது சொல்வது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

1859, 1860 ஆண்டுகளில் சென்னையின் கவர்னராக இருந்தவர் சர் சார்லஸ் டிரெவெலியன். நெரிசல் மிகுந்த ஜார்ஜ் டவுன் மக்களுக்குக் காற்றோட்டமாக ஓர் இடம் வேண்டும் என்று அவர் முனைந்து உருவாக்கியதுதான் பீப்பிள்ஸ் பார்க். சுமார் 116 ஏக்கர். குளங்கள், நடைபாதைகள், பேண்டு வாசிக்க மேடை எல்லாம் இருந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சிசாலையும் பிறகு இங்கேதான் வந்தது. பெயரிலேயே 'மக்கள்' இருந்ததைக் கவனியுங்கள்.

அந்த 116 ஏக்கரை யாரும் ஒரே நாளில் பிடுங்கிக்கொள்ளவில்லை. 1880களில் ஊருக்கு ஒரு பொது மண்டபம் தேவைப்பட்டது. விக்டோரியா பப்ளிக் ஹால் எழுந்தது. பிராட்வே பக்கம் இருந்த கடைகளுக்கு நல்ல இடம் தேவைப்பட்டது. 1900-ல் மூர் மார்க்கெட் திறந்தது. மாநகராட்சிக்கு அலுவலகம் தேவைப்பட்டது. 1913-ல் ரிப்பன் மாளிகை வந்தது. பிறகு விளையாட்டரங்கம் வந்தது. 1985-ல் மூர் மார்க்கெட் தீக்கிரையானது. அந்த இடத்தில் இன்று ரயில்வே கட்டடம் நிற்கிறது. காட்சிசாலையும் அதே ஆண்டில் வண்டலூரில் திறக்கப்பட்டது. இன்று பூங்கா என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியிருப்பது மை லேடீஸ் பூங்கா போன்ற சில துண்டுகள்தான்.

ஒவ்வொரு கட்டடமும் நல்ல காரியத்துக்காகத்தான் வந்தது. மண்டபம் வேண்டாம், மார்க்கெட் வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? காலியாகக் கிடக்கும் நிலம் 'சும்மா கிடக்கிறது' என்று கண்ணில் படுவதுதான் பூங்காவுக்கு வரும் முதல் ஆபத்து.

அந்தப் பூங்காவின் வரலாற்றில் ஒரு துயரமும் உண்டு. 1886 டிசம்பர் 31 அன்று அங்கே நடந்த ஆண்டிறுதிக் கண்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். கூட்டம் கூடும் இடத்தில் வெளியேறும் வழிகள் திறந்திருக்க வேண்டும் என்பதை இதற்குமேல் யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நம் பூங்காவின் பின்பக்கக் கேட் பல மாதமாகப் பூட்டியே கிடக்கிறது. அதை நினைத்தால் மனம் பதைக்கிறது.

இனி பெங்களூருக்கு வருவோம். அங்கே ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை ஒரு தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். அப்பகுதிக் குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மருத்துவமனையும் பொது நன்மைதானே என்ற வாதம் எடுபடவில்லை. பூங்காவின் இடத்தை மருத்துவமனை ஈடுசெய்யாது, அதற்காக வழக்காட அங்கே வசிப்பவர்களுக்கு உரிமை உண்டு என்றது நீதிமன்றம். நம்மைப் போன்ற சாதாரணக் குடியிருப்போர் பெற்ற வெற்றி அது.

நம் மாநிலத்திலும் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காப்பதற்கு 1959-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. இன்றைய விதிப்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியாக விடப்பட்டு, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். நம் பூங்காவும் அப்படி ஒப்படைக்கப்பட்டதுதான். பராமரிப்பு நம் கையில் இருக்கிறது, சொந்தம் பொதுமக்களுடையது.

இப்போது தீர்மானங்களுக்கு வருகிறேன். முதலாவது, பூங்காவின் வடமூலையில் சங்கத்துக்கு ஓர் அறை கட்டுவது. அறை தேவை என்பதை மறுக்கவில்லை. மழைக்காலத்தில் மொட்டைமாடியில் கூட்டம் நடத்திய அவஸ்தை எனக்கும் தெரியும். ஆனால் பீப்பிள்ஸ் பார்க்கும் இப்படி ஒரு மூலையில்தான் குறையத் தொடங்கியது. வாடகைக்கு ஓர் இடம் பார்க்கலாமே?

இரண்டாவது, வெளித்தெருப் பிள்ளைகள் வராதபடி கேட்டில் ஆள் போடுவது. பந்து பட்டு ஒரு மூதாட்டிக்குக் காயம் ஏற்பட்டது உண்மை. கவலையும் நியாயமானது. ஆனால் அன்று பந்தடித்தவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். பக்கத்துத் தெருவில் திடலே இல்லை; அந்தப் பிள்ளைகள் வேறெங்கே போவார்கள்? யார் வரலாம் என்று பிரிப்பதைவிட எப்போது, எங்கே விளையாடலாம் என்று வகுப்பது பலன் தரும். காலை எட்டு மணி வரை நடப்பவர்களுக்கு. மாலை நான்கு முதல் ஐந்தரை வரை சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு. அதன்பின் இருட்டும் வரை தென்பாதியில் மட்டும், டென்னிஸ் பந்தில் மட்டும் கிரிக்கெட். ஊஞ்சல் பக்கம் ஒரு வலை. பின்பக்கக் கேட்டுக்குப் பூட்டு வேண்டாம். இதைப் பெரியவர்கள் மட்டும் முடிவு செய்யாமல், விளையாடும் பிள்ளைகளில் நான்கைந்து பேரையும் கூட்டத்துக்கு அழையுங்கள். தாங்களே ஒத்துக்கொண்ட விதியைப் பிள்ளைகள் மீறுவது குறைவு.

பொதுக்குழுவுக்குத் தவறாமல் வாருங்கள். நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இந்த இடம் பெயரளவில் இல்லாமல் பூங்காவாகவே இருக்கட்டும்.