'ஹென்': வழிப்பெயரின் வரலாறு

'பொட்டப்புள்ளைக்கு எதுக்கு எம்.ஏ.?' என்று கேட்ட ஊரிலிருந்து வந்தவள் நான். கோழியின் பெயர் வசையாகும் விதம் அப்போதே உறைத்தது. ஆங்கிலப் பெட்டைக்கோழியான 'ஹென்'னைத் தேடிப் போனதும் அதனால்தான்.

பழைய ஆங்கிலத்தில் சேவல் 'ஹனா'. அதன் பெண்பாலாகப் பிறந்தது 'ஹென்'. லத்தீனில் பாடுவதைக் குறிக்கும் 'கனேரே'வும் இதே வேர் என்கிறார்கள் மொழியியலாளர்கள். ஆக, சேவல் பாடுகிறவன். பெட்டை, பாடுகிறவனின் பெண்பால், அவ்வளவுதான். முட்டையிடுகிறவள் என்றாவது பெயர் வைத்திருக்கலாம்!

ஆனால் மூலம்/வழி என்ற இந்தப் படிநிலை நிலைக்கவில்லை. ஜெர்மனில் 'ஹான்', 'ஹென்ன' இரண்டும் இன்றும் ஜோடியாக இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஹனா செத்துப்போச்சு. ஏற்கெனவே இருந்த 'காக்' அந்த இடத்தைப் பிடித்தது. அது ஆண்குறிக்கும் பெயரானதில் கூசிப்போன அமெரிக்கர்கள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 'ரூஸ்டர்' என்றார்கள்: இரவில் அடைகிற பறவை. (பெட்டையும்தான் அடைகிறது.) வழிப்பெயரோ அழியாமல் பெண்மயில், பெண் சிங்கிறால் வரை பரவியது.

இதை வெற்றியென்று கொண்டாட எனக்கு மனமில்லை. மனைவிக்கு அடங்கியவனைப் பெட்டை கொத்தியவன், 'ஹென்பெக்ட்', என்று கேலிசெய்வது 17ஆம் நூற்றாண்டிலேயே வந்தாச்சு. சேவல் கொத்துவதற்கு அப்படித் தனிச்சொல் தேவைப்படவில்லை.

ஸ்காட்லாந்தில் மட்டும் முன்பின் தெரியாத பெண்ணைக்கூட 'ஹென்' என்று வாஞ்சையோடு கூப்பிடுகிறார்கள். நம்ப முடியாமல்தான் இருந்தது. அப்புறம் யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி பேச்சுவாக்கில் 'எங்கட பெட்டையள்' என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது தன் வகுப்புப் பிள்ளைகளை.