மிட் டவர் கேபினெட்: மதிப்பிடும் அளவுகோல்களின் வரலாறு

மேசைக் கணினியின் பாகங்களைத் தாங்கி நிற்கும் உலோகப் பெட்டியைத் தமிழ்நாட்டுக் கடைகளில் கேபினெட் என்பார்கள். அதில் நடுத்தர உயரமுள்ளது மிட் டவர். எவ்வளவு உயரம் இருந்தால் நடுத்தரம் என்று எந்தத் தர அமைப்பும் வகுத்ததில்லை. ஏறக்குறைய 45 செ.மீ. உயரம், 20 முதல் 23 செ.மீ. அகலம், முழு அளவு ஏடிஎக்ஸ் மதர்போர்டு ஒன்றுக்கு இடம் என்பதே பொதுவான புரிதல். 1990-களில் இதே பெயரை டிரைவ் பேக்களை எண்ணிக் கொடுத்தார்கள். 5.25 அங்குல டிரைவ் இரண்டுக்கு இடமிருந்தால் மினி டவர். மூன்று, நான்குக்கு இருந்தால் மிட் டவர். அதற்கு மேல் ஃபுல் டவர். இன்று விற்கும் மிட் டவர்களில் பெரும்பாலானவற்றில் அந்த டிரைவுக்கு ஓரிடம்கூடக் கிடையாது. நல்ல கேபினெட் எது என்ற கேள்விக்கான விடை, உள்ளே வைக்கும் பாகங்கள் மாறும்போதெல்லாம் மாறிவந்திருக்கிறது. பெட்டியின் வடிவம் அந்த அளவுக்கு மாறவில்லை.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட பிசி, மேசையில் படுத்த நிலையில் இருக்கும் இரும்புப் பெட்டி. அகலம் சுமார் 50 செ.மீ., உயரம் 14 செ.மீ. மானிட்டரை அதன் தலையிலேயே வைத்தார்கள். பவர் சப்ளை வெறும் 63.5 வாட்; கார்டுகளுக்கு ஐந்து ஸ்லாட்கள். அத்தனை கனமான இரும்பு தேவைப்பட்டதற்கு உறுதி மட்டும் காரணமில்லை. கணினிகள் உமிழும் ரேடியோ அலைகள் அக்கம்பக்கத்து வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கெடுக்கக்கூடாது என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1979-இல் விதி வகுத்திருந்தது. நன்கு மூடப்பட்ட, தரையிணைப்புக் கொண்ட உலோகக் கூடுதான் அதற்கு நேரான தீர்வு. உள்ளே பெயின்ட் பூசாத தகடுகள், ஓரங்களில் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் சிறு உலோக நாக்குகள் எல்லாம் அந்த விதிகளுக்காக வந்தவை.

1983-இல் வந்த எக்ஸ்டி மாடல் ஸ்லாட்களை எட்டாக்கியது. அவ்வளவையும் ஒரே பெட்டியில் அடக்க, ஸ்லாட்களுக்கிடையே ஓர் அங்குலமாக இருந்த இடைவெளி 0.8 அங்குலமாகக் குறைந்தது. அதாவது 20.32 மி.மீ. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் எல்லா கேபினெட்டின் பின்புறத் துளைகளும் இந்த இடைவெளியில்தான் வெட்டப்படுகின்றன. இன்றைய கிராபிக்ஸ் கார்டை 'மூன்று ஸ்லாட் தடிமன்' என்று சொல்லும்போது, எக்ஸ்டி வகுத்த அளவால்தான் அது அளக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு வந்த ஏடி மாடல் 192 வாட் பவர் சப்ளையையும், முகப்பில் ஒரு பூட்டையும் கொண்டுவந்தது.

பெட்டி நிமிர்ந்து நின்றதற்குக் காரணம் இடப்பற்றாக்குறை. ஹார்ட் டிஸ்க், இரண்டு ஃப்ளாப்பி, டேப் டிரைவ் என்று சேரச் சேரப் படுத்த பெட்டி மேசையை விழுங்கியது. என்சிஆர் நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலேயே 'டவர்' என்ற பெயரில் யூனிக்ஸ் கணினி விற்றது. ஐபிஎம் 1987 ஏப்ரலில் வெளியிட்ட பிஎஸ்/2 வரிசையில் மாடல் 60, மாடல் 80 ஆகிய இரண்டும் தரையில் நிற்கவே வடிவமைக்கப்பட்டவை. தைவான் நாட்டுப் பட்டறைகள் இந்த வடிவத்தை எடுத்து, ஏடி மதர்போர்டுக்கு ஏற்றபடி சிறிதும் பெரிதுமாக அடித்துத் தள்ளின. மேசைமேல் மானிட்டருக்குப் பக்கத்திலோ, மேசைக்குக் கீழே காலுக்குப் பக்கத்திலோ வைக்க ஏற்ற உயரம் மிட் டவருக்கு இருந்ததால், 1990-களின் நடுவில் அதுவே வழக்கமாகிவிட்டது.

அக்காலத்து கேபினெட்டை மதிப்பிட்டவர்கள் முதலில் பார்த்தது டிரைவ் பே எத்தனை, பவர் சப்ளை 200 வாட்டா 230 வாட்டா, தகட்டின் ஓரம் மடித்திருக்கிறதா என்பவைதான். கடைசியாகச் சொன்னது சில்லறை விஷயமன்று. 0.5 மி.மீ. தகட்டை வெட்டியபடியே விட்டால் அது கத்திதான். கணினி பூட்டியவர்களின் விரல்களில் அதன் தழும்புகள் இருந்தன. இதைவிடப் பெரிய ஆபத்து முன்பக்கப் பொத்தானில் இருந்தது. ஏடி டவர்களில் வீட்டு மின்சாரம் முழு அழுத்தத்தோடு பவர் சப்ளையிலிருந்து தடித்த கேபிள் வழியாக முகப்பு சுவிட்சுக்கு வந்து திரும்பியது. பழுப்பு, நீலம், வெள்ளை, கறுப்பு என்று நான்கு வயர்கள். இடம் மாற்றிச் செருகினால் 230 வோல்ட்டில் நேரடி ஷார்ட் சர்க்யூட். மதர்போர்டுக்குப் போகும் இரண்டு இணைப்பிகளையும் கறுப்பு வயர்கள் நடுவில் சேரும்படி செருக வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு போய்விடும். முகப்பிலிருந்த டர்போ பொத்தானும், வேகத்தைக் காட்டுவதாகத் தோன்றிய பச்சை எண்களும் எல்லோரையும் கவர்ந்தன. அந்த எண்கள் எதையும் அளக்கவில்லை. எந்த எண் தெரியவேண்டும் என்று பின்னால் ஜம்பர்களை மாற்றி, பூட்டுபவரே அமைத்துவிடுவார்.

இன்டெல் 1995 ஜூலையில் வெளியிட்ட ஏடிஎக்ஸ் அமைப்புதான் மிட் டவரை இன்றைய உருவுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய, ஏடியின் சிறிய வடிவமான பேபி ஏடி போர்டுகளில் பிராசசர் ஸ்லாட்களுக்கு நேராக இருந்தது. ஹீட்சிங்க்கும் ஃபேனும் ஏறியபின் நீளமான கார்டுகளைச் செருக முடியவில்லை. ஏடிஎக்ஸ் போர்டைத் தொண்ணூறு டிகிரி திருப்பி, பிராசசரைப் பவர் சப்ளைக்கு அருகே நகர்த்தியது. போர்டின் அளவு 305 × 244 மி.மீ. கீபோர்டு, மவுஸ், பிரின்டர் இணைப்புகளெல்லாம் பின்புறம் 158.75 × 44.45 மி.மீ. திறப்பு ஒன்றில் அடங்கின. முகப்புப் பொத்தான் இப்போது மதர்போர்டுக்குச் சைகை மட்டும் அனுப்பியது. வீட்டு மின்சாரம் முன்பக்கத்துக்கு வரவேண்டிய தேவையே ஒழிந்தது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே ஏடிஎக்ஸை உருவாக்கியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். எல்லாம் சரியாக அமைந்துவிடவில்லை. பவர் சப்ளை ஃபேன் வெளிக்காற்றை உள்ளிழுத்துப் பிராசசர்மேல் ஊதும் என்பது முதல் திட்டம். பவர் சப்ளையைச் சுற்றிச் சூடேறிய காற்றும் தூசியும்தான் பிராசசருக்குப் போய்ச் சேர்ந்தன. விரைவிலேயே அந்த ஃபேன் வெளியே ஊதும்படி திருப்பப்பட்டது.

பிறகு வெப்பம் முதலிடத்துக்கு வந்தது. 1993-இன் முதல் பென்டியம் சுமார் 15 வாட் வெப்பம் வெளியிட்டது. 2004-இன் பிரெஸ்காட் பென்டியம் 4 வகைகளில் அது 115 வாட் வரை ஏறியது. முன்னே ஒரு 80 மி.மீ. ஃபேன், பின்னே ஒன்று என்ற ஏற்பாடு திணறியது. வெளிக்காற்று 35 டிகிரியாக இருக்கும்போது பிராசசர் ஃபேனுக்குள் நுழையும் காற்று 38 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று இன்டெல் கேபினெட்டுகளுக்கு ஒரு வரம்பு வகுத்தது. அதற்காகப் பக்கத் தகட்டில் துளையிட்டு, பிராசசருக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்த கேபினெட்டுகள் பெருகின. கேபினெட் மதிப்பீட்டில் எண்ணால் சொல்லத்தக்க முதல் வெப்ப அளவுகோல் என்று இதையே கருதலாம். ஆனால் அதன் அடிப்படையான 35 டிகிரியைச் சென்னையின் மே மாதப் பகல், குளிரூட்டாத அறையில் எளிதில் கடந்துவிடும். அந்நகரின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கிப் பூட்டிய கணினிகள் கோடையில் தாமாக அணைந்ததற்குப் பெரும்பாலும் வைரஸைக் குறை சொன்னார்கள். மூச்சுவிட இடமில்லாத கேபினெட்டும் அதற்குக் காரணமாக இருந்தது. கேபினெட்டோடு சேர்த்தே எஸ்எம்பிஎஸ் எனப்படும் பவர் சப்ளையை விற்கும் இந்திய வழக்கமும் கெடுதல் செய்தது. மலிவான பலவற்றில் ஸ்டிக்கர் சொன்ன வாட் அளவை அந்த எஸ்எம்பிஎஸ் தரவே தராது; கேபினெட் நன்றாக இருந்தும் உள்ளிருப்பவை பழுதாகும்.

வெப்பத்தை அடக்க இன்டெல் 2003-இல் பிடிஎக்ஸ் என்ற புதிய அமைப்பை முன்வைத்தது. முகப்பிலிருந்து நுழையும் காற்று பிராசசர் மேல் நேராகப் பாயும்படி போர்டின் ஒழுங்கே மாற்றப்பட்டிருந்தது. பொறியியல் நோக்கில் அது ஏடிஎக்ஸைவிட நேர்த்தியானது. ஆனால் 2006-இல் வெப்பம் குறைந்த கோர் 2 பிராசசர்கள் வந்ததும் அதன் தேவை போய்விட, அதே ஆண்டில் இன்டெல் அதைக் கைவிட்டது.

ஏடிஎக்ஸுக்குள்ளேயே தீர்வு தேடியவர்கள் ஃபேனின் விட்டத்தைப் பெரிதாக்கினார்கள். 120 மி.மீ. ஃபேன் மெதுவாகச் சுழன்றே 80 மி.மீ. ஃபேன் தள்ளும் காற்றைத் தள்ளிவிடும். இரைச்சல் அந்த அளவுக்குக் குறையும். இங்கிருந்து மதிப்பீடு இரண்டு வழியாகப் பிரிந்தது. 2005-இல் வந்த ஆன்டெக் பி180, ஒலியை அடக்குவதையே நோக்கமாகக் கொண்டது. ஓசையற்ற கணினிகளைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்த கனடாவின் மைக் சின் அதன் வடிவமைப்பில் பங்கேற்றார். அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த மூன்றடுக்குச் சுவர் அதிர்வை விழுங்கியது. பவர் சப்ளை கீழே ஒரு தனி அறைக்கு இறங்கியது. அதன் வெப்பம் பிராசசரின் வெப்பத்தோடு கலக்காததால் இரண்டுக்கும் மெதுவான ஃபேன் போதுமாயிற்று. மறு ஆண்டே அதே நிறுவனம் வெளியிட்ட நைன் ஹண்ட்ரட் இதற்கு நேரெதிர். முகப்பு முழுவதும் துளைத் தகடு, உச்சியில் 200 மி.மீ. ஃபேன், ஒலி வெளியே வரட்டும், காற்று தடையின்றி ஓடட்டும் என்ற கொள்கை. பின்னாளில் வந்த மிட் டவர்கள் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றின் வழித்தோன்றல்கள். பவர் சப்ளையைக் கீழே வைப்பது பி180-க்கு முன்பும் சில பெட்டிகளில் இருந்ததுதான். அதன்பின் அது பொது வழக்கமாகிவிட்டது.

2010-ஐ ஒட்டி, மதர்போர்டைத் தாங்கும் தகட்டின் பின்புறம் கவனத்துக்கு வந்தது. முன்பு எல்லா வயர்களும் போர்டின் முன்னாலேயே தொங்கின. இப்போது தகட்டில் ரப்பர் வளையமிட்ட துளைகள் வெட்டி, வயர்களைப் பின்னே கொண்டுபோய்க் கட்டினார்கள். பின்னால் 20 மி.மீ. இடமாவது இல்லாவிட்டால் பக்கத் தகடு மூடாது. பிராசசருக்குப் பின்னே பெரிய சதுரத் திறப்பும் வந்தது. போர்டைக் கழற்றாமலே கூலரை மாற்ற அது உதவியது. ஸ்வீடனின் ஃப்ராக்டல் டிசைன், அமெரிக்காவின் கோர்சேர், என்இசட்எக்ஸ்டி போன்ற புதிய பெயர்கள் எழுந்தது இந்தக் காலத்தில்தான். என்இசட்எக்ஸ்டி 2014-இல் விற்ற எச்440 மாடலில் 5.25 அங்குல பே ஒன்றுகூட இல்லை. பவர் சப்ளையைத் தகடு போட்டு மறைத்திருந்தார்கள். டிவிடி டிரைவ் இல்லாமல் எப்படி என்று கேட்டவர்கள் உண்டு. ஓரிரு ஆண்டுகளில் மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. பே போன இடத்தில் திரவக் குளிர்விப்புக்கான 360 மி.மீ. ரேடியேட்டர் ஏறியது.

2016-க்குப் பிறகு பக்கத் தகடு கண்ணாடியாகியது. அக்ரிலிக்கில் விழுவது போல எளிதில் கீறல் விழாத, கடினப்படுத்திய கண்ணாடி. உள்ளே வண்ண விளக்குகள். அதில் தவறொன்றுமில்லை. ஆனால் முகப்பையும் கண்ணாடியால் மூடி, ஓரத்தில் விரலகல இடுக்கு மட்டும் விட்டபோது மதிப்பீடு வழி தவறியது. முன்னே மூன்று ஃபேன் வைத்தும் அவற்றுக்கு இழுக்கக் காற்று இல்லை. பத்தாண்டுகளுக்கு முன்பே தீர்ந்துபோன ஒரு சிக்கலை அழகுக்காகத் திரும்பவும் வரவழைத்த காலம் அது. 2017-இல் ஃப்ராக்டலின் மெஷிஃபை சி, 2021-இல் முன்னே இரண்டு 180 மி.மீ. ஃபேன்களுடன் வந்த அதே நிறுவனத்தின் டாரன்ட் ஆகியவை துளை முகப்பைத் திரும்பவும் மதிப்புக்குரியதாக்கின. லியான் லி 2018-இல் விற்ற ஓ11 டைனமிக் வேறு வழியைக் கண்டது. முன்னும் பக்கமும் கண்ணாடி. பவர் சப்ளை பின்னறையில். காற்று கீழிருந்தும் மறுபக்கத்திலிருந்தும் நுழையும்.

காற்று எவ்வளவு வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. 500 வாட் வெப்பம் வெளியிடும் கணினி வழியாக நிமிடத்துக்கு 3 கன மீட்டர் காற்று ஓடினால், வெளியேறும் காற்று உள்ளே வந்த காற்றைவிட 8, 9 டிகிரி சூடாக இருக்கும். காற்றோட்டம் பாதியானால் வித்தியாசம் இரட்டிப்பாகும். ஆகவே நேர்மையான மதிப்பீடு பிராசசரின் வெப்பநிலையை மட்டும் சொல்லாது. அறை வெப்பநிலையைக் கழித்த வித்தியாசத்தைச் சொல்லும். ஃபேன்களை முழு வேகத்தில் ஓடவிட்டு ஒப்பிடுவதும் பொருளற்றது. எல்லாப் பெட்டிகளையும் ஒரே இரைச்சல் அளவுக்குக் கொண்டுவந்து, அதில் எது குளிர்ச்சியாக இருக்கிறது என்று பார்ப்பதே சரியான ஒப்பீடு. தூசியும் கணக்கில் சேரும். உள்ளே வரும் காற்று வெளியேறுவதைவிடச் சற்று அதிகமாக இருந்தால், இடுக்குகள் வழியாகத் தூசி நுழையாமல் வடிகட்டி உள்ள பாதையில் மட்டும் காற்று வரும். அந்த வடிகட்டியைப் பெட்டியை நகர்த்தாமல் உருவிக் கழுவ முடிகிறதா என்பது, நம் ஊர்த் தூசியில், விளக்குகளைவிட முக்கியமான கேள்வி.

இடத்தின் கணக்கும் மாறிவிட்டது. கார்டு ஸ்லாட்களுக்கான பிசிஐ விதிகள் முழு நீளக் கார்டுக்கு 312 மி.மீ. வகுத்திருந்தன. பல ஆண்டுகளாக அந்த நீளத்துக்குக் கார்டு வந்ததே அரிது. 2022-இன் ஆர்டிஎக்ஸ் 4090 என்விடியாவின் சொந்த வடிவிலேயே 304 மி.மீ.; வேறு நிறுவனங்கள் செய்தவை 330 மி.மீ.-ஐயும் தாண்டின. எடை தாங்காமல் கார்டு சரிவதால், அதற்கு முட்டுக்கொடுக்கும் தாங்கியும் கேபினெட்டோடு வருகிறது. காற்றால் குளிர்விக்கும் பெரிய கூலருக்கு 165 மி.மீ. உயரம் வேண்டும். முன்னே ரேடியேட்டர் வைத்தால் கார்டுக்கான நீளத்தில் 50 மி.மீ. போய்விடும். விளம்பர அட்டையில் இந்த எண்கள் தனித்தனியாகவே தரப்படுவதால், சேர்த்துக் கணக்கிட வேண்டியது வாங்குபவரின் வேலை.

2023, 2024-இல் ஆசுஸ், எம்எஸ்ஐ நிறுவனங்கள் இணைப்பிகளையெல்லாம் பின்புறத்துக்கு மாற்றிய மதர்போர்டுகளைக் கொண்டுவந்தன. ஏடிஎக்ஸின் திருகுத் துளைகள், ஸ்லாட் இடைவெளி, பின்புறத் திறப்பு எல்லாம் அப்படியே இருக்க, வயர்கள் மட்டும் பின்னே மறைகின்றன. அதற்குத் தகட்டில் கூடுதல் துளைகள் வேண்டும். பழைய கேபினெட்டுகளில் அவை இல்லை. இரு நிறுவனங்களின் இணைப்பி இடங்களும் முற்றிலும் ஒத்துப்போகாததால், எந்தப் போர்டுக்கு எந்தத் துளை பொருந்தும் என்பது மிட் டவர் வாங்கும்போது சரிபார்க்க வேண்டியவற்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.