'பண்பாடு' என்னும் சொல்லின் நிலம்

ஹெப்பாளில் வாசிக்கப்படும் கன்னட ஏடுகள் எழுத்தாளரின் பணியைச் 'சாகித்ய கிருஷி' என்கின்றன. உழவு அங்கே மறைவின்றி நிற்கிறது. தமிழில் 'பண்பாடு' என்னும் சொல்லின் அடியிலும் உழவு உண்டு. புழக்கத்தில் அது தேய்ந்துவிட்டது.

ஆங்கிலக் 'கல்ச்சர்' என்பதற்கு நேராக இச்சொல்லை 1937இல் வழக்கிற்குக் கொணர்ந்தவர் ரசிகமணி டி.கே.சி. என வையாபுரிப் பிள்ளை குறித்துள்ளார். 'கல்ச்சர்' என்பதன் மூலமான இலத்தீன் 'குல்தூரா' முதலில் நிலத்தைத் திருத்திப் பேணுதலையே சுட்டியது. கி.மு. 45இல் சிசெரோ மெய்யியலை உள்ளத்தின் உழவு என்றார்.

டி.கே.சி.யின் சொல்லை எவ்வாறு பிரிப்பது? 'பண்பு' + 'பாடு' எனக் கொண்டால் பண்பாடு ஒருவரிடம் முன்னரே அமைந்துள்ள குணமாகிவிடும். 'கெடு' என்பது 'கேடு' ஆவதுபோலப் 'பண்படு' என்பதே 'பண்பாடு' ஆயிற்று என்பதே எனக்கு ஏற்புடையது. அவ்வாறாயின் அது உடைமையன்று, உழைப்பு. (மேடைகளில் அதனை மூதாதையர் சொத்தாக முழங்குவோருக்கு இவ்விலக்கணம் உவப்பாயிராது.) உழவரைப் 'பண்பாடற்றவர்' என இகழ்வோரும் அவர்தம் வயற்சொல்லையே கடன்வாங்குகின்றனர்.

நிலம் பண்படுவதாவது, உழுது, கட்டியுடைத்து, எருவிட்டு விதைப்புக்கு ஆயத்தமாதல். அறுவடைக்குப் பின் மண் மீண்டும் இறுகும். அடுத்த பருவத்தில் ஏர் மீண்டும் இறங்கவேண்டும்.