மஸ்கரீன் தீவுகளில் எஞ்சிய ஒரே கிளி

மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸ், ரீயூனியன், ரொட்ரிகஸ் என்று மூன்று எரிமலைத் தீவுகள் உள்ளன. மூன்றுக்கும் பொதுப்பெயர் மஸ்கரீன் தீவுகள். மனிதர் குடியேறுவதற்கு முன் இங்கே பல வகைக் கிளிகள் வாழ்ந்தன. இன்று எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. மொரீஷியஸின் தென்மேற்கு மலைக்காடுகளில் வாழும் அந்தப் பச்சைக்கிளியை ஆங்கிலத்தில் எக்கோ பாராகீட் என்றும், தீவின் கிரியோல் மொழியில் காத்தோ வேர் என்றும் அழைக்கிறார்கள். 1980களின் நடுவில் காட்டில் ஏறத்தாழப் பத்துப் பறவைகளே இருந்தன. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு எண்ணிக்கை 700ஐத் தாண்டியது. அழிவின் விளிம்பிலிருந்து கிளி இனங்களை மீட்ட முயற்சிகளில் இது முன்வரிசையில் வைத்துப் பேசப்படுகிறது.

இந்தக் கிளிக்கு நெருங்கிய உறவு நம் ஊர் வயல்களிலும் கோயில் கோபுரங்களிலும் கூட்டமாகத் திரியும் செந்தார்ப் பைங்கிளி. மொரீஷியஸ் கிளியின் மூதாதைகள் ஆசியப் பெருநிலத்திலிருந்து கடல் கடந்து தீவுகளை அடைந்தவை என்பதை மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. தீவுக்கு வந்த கிளை தன் போக்கில் மாறியது. உடல் பருத்தது, இறக்கை குட்டையாகி முனை உருண்டது, வால் சுருங்கியது, பச்சை நிறம் கருமை ஏறியது. செந்தார்ப் பைங்கிளியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சிவந்த அலகுதான். மொரீஷியஸ் கிளியிலோ வளர்ந்த ஆணின் மேலலகு மட்டும் சிவப்பு, பெண்ணின் அலகு கறுப்பு.

மற்றக் கிளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மொரீஷியஸில் தலையில் கொண்டையும் பெருத்த அலகும் கொண்ட ஒரு கிளி இருந்தது. 1601இல் டச்சுக் கப்பல் ஒன்றின் நாட்குறிப்பில் அதன் உருவம் வரையப்பட்டது. 1670களுக்குப் பிறகு அதைப் பற்றிய குறிப்பே கிடையாது. 1866இல் ஆங்கில விலங்கியலர் ரிச்சர்ட் ஓவன் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது அவர் கையில் இருந்தது ஒரு தாடை எலும்பு மட்டுமே. அதே தீவின் சாம்பல் நிறக் கிளி 18ஆம் நூற்றாண்டில் மறைந்தது. ரீயூனியனின் மஸ்கரீன் கிளிக்கு இன்று சாட்சி, பாரிஸிலும் வியன்னாவிலும் உள்ள இரண்டு பதப்படுத்திய உடல்கள். ரொட்ரிகஸில் 1691 முதல் இரண்டு ஆண்டு தங்கியிருந்த பிரெஞ்சு அகதி பிரான்சுவா லெகா, அங்கே கிளிகள் ஏராளம் என்று எழுதினார். பிரெஞ்சும் பிளெமிஷும் பேசப் பழகிய ஒரு கிளியைத் தன் கூட்டத்தார் மொரீஷியஸுக்குக் கொண்டுபோனதாகவும் குறிப்பிட்டார். அந்தத் தீவின் நியூட்டன் கிளி 1870களில் இரண்டே மாதிரிகளைக் கேம்பிரிட்ஜுக்கு விட்டுவிட்டு மறைந்தது. வடக்கே செஷல்ஸ் தீவுகளின் பச்சைக்கிளிக்கும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு கதை முடிந்தது. ரீயூனியனில் வாழ்ந்த பச்சைக்கிளி மொரீஷியஸ் கிளியின் இனமேதான். 18ஆம் நூற்றாண்டில் அதுவும் அற்றுப்போனது.

அழிவுக்குக் காரணம் ஒன்றல்ல. 1598இல் டச்சுக்காரர்கள் மொரீஷியஸில் இறங்கினார்கள், 1638இல் குடியேறினார்கள். கருங்காலி மரங்களை வெட்டிக் கப்பலேற்றினார்கள். கப்பல்களோடு எலிகளும் குரங்குகளும் பன்றிகளும் வந்து சேர்ந்தன. 1639இல் ஜாவாவிலிருந்து மானும் கரும்பும் கொண்டுவரப்பட்டன. 1710இல் டச்சுக்காரர்கள் தீவைக் கைவிட்டுப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன விலங்குகள் போகவில்லை.

பிரெஞ்சு ஆட்சியில் துறைமுகமும் சாலைகளும் எழுந்தன. 1735இல் ஆளுநராக வந்த லபூர்தொனே கட்டட வேலைக்குப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். மொரீஷியஸ் தமிழரின் தொடக்ககால வரலாறு அவர்களோடு பிணைந்தது. 1810இல் தீவு பிரிட்டிஷார் கைக்கு வந்தது. அடிமை முறை ஒழிப்பை ஒட்டி, 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக லட்சக்கணக்கானோர் வந்து இறங்கினார்கள். சமவெளி முழுவதும் கரும்புத் தோட்டமாயிற்று. மேட்டுநிலத்தில் பின்னாளில் தேயிலையும் பைனும் ஏறின. நல்ல நிலையில் எஞ்சியிருக்கும் இயற்கைக் காடு இன்று தீவின் பரப்பில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு.

மிஞ்சிய காட்டின் தரமும் கெட்டது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த சீனக் கொய்யா புதராக மண்டி, நாட்டு மரக் கன்றுகளை முளைக்கவிடாமல் செய்தது. குரங்கு பழங்களைப் பிஞ்சிலேயே பறித்து வீணாக்கியது. எலி மரமேறிக் கூட்டில் முட்டையையும் குஞ்சையும் தின்றது. எலியை ஒழிக்க 1900 வாக்கில் கீரிப்பிள்ளைகளை விட்டார்கள். எலி ஒழியவில்லை, பறவைகளுக்கு இன்னொரு எதிரி சேர்ந்தது. சுமார் 1886இல் கூண்டிலிருந்து தப்பிய செந்தார்ப் பைங்கிளிகளும் தீவில் பெருகின. உறவுக்காரக் கிளியே மரப்பொந்துக்குப் போட்டியாளராக நின்றது. 1892, 1960 ஆண்டுகளின் பெரும் புயல்கள் பொந்துள்ள கிழட்டு மரங்களைச் சாய்த்தன.

இந்த மாற்றங்கள் மொரீஷியஸ் கிளியை ஏன் இவ்வளவு பாதித்தன என்பது அதன் வாழ்க்கை முறையைப் பார்த்தால் விளங்கும். அது நாட்டு மரங்களின் பழம், பூ, மொட்டு, இலை, பட்டை ஆகியவற்றையே பெரிதும் நம்பி வாழ்கிறது. ஆண்டு முழுவதும் வயிறு நிறைய வேண்டுமானால், வெவ்வேறு மாதங்களில் காய்க்கும் பலவகை மரங்கள் அருகருகே இருக்க வேண்டும். கூடு கட்டுவதோ முதிர்ந்த பெருமரங்களின் பொந்துகளில், தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில். ஆகஸ்ட், செப்டம்பரில் இனப்பெருக்கக் காலம் தொடங்கும். பெண் இரண்டு முதல் நான்கு முட்டை இடும். மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக அடைகாக்கும். அந்த நாட்களில் அதற்கு இரை கொண்டுவந்து ஊட்டுவது ஆணின் வேலை. சில கூடுகளில் ஒரு பெண்ணைச் சுற்றி ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்கள் நின்று உதவுவதும் உண்டு. குஞ்சு பறக்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும்.

முட்டைகள் ஒரே நாளில் பொரிவதில்லை. முதலில் பொரிந்த குஞ்சு வளர்ந்து நிற்கும்போது கடைசிக் குஞ்சு கண் திறக்காமல் கிடக்கும். இரை குறைந்த காட்டில் மூத்த குஞ்சு பிழைக்கும், இளையவை பட்டினியில் சாகும். ஆகவே மூன்று முட்டை பொரிந்த கூட்டிலிருந்தும் பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் வெளியே வந்தது. பிற்காலத்தில் மீட்புப் பணிக்கு வழி காட்டியது இந்தக் கவனிப்பே.

1970களின் தொடக்கத்தில் லே மார் மேட்டுநிலத்தின் குட்டைக் காடு பைன் நடுவதற்காக அழிக்கப்பட்டது. கிளிகளின் முக்கியமான மேய்ச்சல் இடம் அதுதான். அந்தப் பத்தாண்டில் எண்ணிக்கை சடசடவென்று சரிந்தது. 1973இல் பன்னாட்டுப் பறவைப் பாதுகாப்புக் கழகம் தீவின் அரிய பறவைகளுக்காக ஒரு திட்டம் தொடங்கியது. அமெரிக்கப் பறவையியலர் ஸ்டான்லி டெம்பிள் அதை முன்னின்று நடத்தினார். அப்போது மொரீஷியஸ் வல்லூறு நான்கே நான்கு என்று கணக்கு. இளஞ்சிவப்புப் புறாவும் பச்சைக்கிளியும் அதே பாதையில் போய்க்கொண்டிருந்தன. கிளிகளைப் பிடித்துக் கூண்டில் இனப்பெருக்கம் செய்ய எடுத்த முதல் முயற்சிகள் பலிக்கவில்லை.

1979இல் வேல்ஸைச் சேர்ந்த இளம் உயிரியலர் கார்ல் ஜோன்ஸ் மொரீஷியஸ் வந்தார். திட்டத்தைச் சுருட்டி அரசிடம் ஒப்படைத்துவிட்டு வருவதே அவருக்கு இடப்பட்ட பணி. அவர் திரும்பிப் போகவில்லை. 1976இல் தீவுக்கு வந்து போயிருந்த இயற்கையியலர் ஜெரால்ட் டரலின் ஜெர்ஸி அறக்கட்டளை துணை நின்றது. 1984இல் மொரீஷியஸ் வனவுயிர் அறக்கட்டளை பிறந்தது. வல்லூறு முதலில் மீண்டது. அதன் முட்டைகளை எடுத்து அடைகாப்பானில் பொரிக்க வைத்து, கூட்டுக்குக் கூடுதல் இரை கொடுத்துப் பெற்ற அனுபவம் கிளிக்கும் கைகொடுத்தது. கிளிகள் மீது கவனம் திரும்பிய 1980களின் நடுவில் காட்டில் கண்ணில் பட்டவை எட்டு முதல் பன்னிரண்டு. அவற்றில் பெண்கள் மூன்று என்பதே மதிப்பீடு.

இவ்வளவு குறைந்த பறவைகளை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கூண்டில் அடைப்பது ஆபத்து, காட்டில் அப்படியே விட்டுவைப்பதும் ஆபத்து. ஜோன்ஸின் குழு இரண்டுக்கும் இடைப்பட்ட வழியைப் பிடித்தது. காட்டுக் கிளியைக் காட்டிலேயே இருக்கவிட்டு, அதன் கூட்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டது. பணியாளர்கள் கயிறு கட்டி மரமேறி ஒவ்வொரு பொந்தையும் செப்பனிட்டார்கள். மழைநீர் கசியும் ஓட்டையை அடைத்தார்கள். பக்கவாட்டில் கதவு போல ஒரு திறப்பு வெட்டி, குஞ்சை எடுத்துப் பார்க்க வசதி செய்தார்கள். பெரிய கடற்பறவைகள் நுழையாதபடி வாயைக் குறுக்கினார்கள். எலி ஏறி வழுக்கும்படி அடிமரத்தில் வழவழப்பான பிளாஸ்டிக் தகடு சுற்றினார்கள், சுற்றிலும் எலிமருந்து வைத்தார்கள். குரங்கு தாவி வரும் கிளைகளை வெட்டினார்கள். கூட்டில் முட்டையிட்டுக் குஞ்சின் இரத்தத்தை உறிஞ்சும் புழுவாக வளரும் ஈக்களைக் கொல்ல, கூட்டுக் குப்பையில் பூச்சிமருந்துத் தூள் கலந்தார்கள்.

அடுத்த படி குஞ்சுகளைப் பங்கிடுவது. பொரிந்த சில நாட்களில் குஞ்சுகளை எடை போட்டுப் பார்ப்பார்கள். பின்தங்கிய குஞ்சைக் கூட்டில் விட்டால் சாவது உறுதி. அதை எடுத்து, முட்டை கூமுட்டையாகப் போன இன்னொரு சோடியின் கூட்டில் வைப்பார்கள். பிள்ளையில்லாத சோடி அதைத் தன் குஞ்சாகவே வளர்க்கும். கூட்டுக்கு மிஞ்சிய குஞ்சுகள் பிளாக் ரிவரில் உள்ள பறவைக் காப்பகத்துக்குப் போய்ப் பணியாளர் கையால் ஊட்டி வளர்க்கப்பட்டன. இப்படி எடுத்ததால் காட்டுக்கு நட்டமில்லை. எப்படியும் சாகவிருந்த குஞ்சுகளே காப்பகத்தில் வளர்ந்தன.

1990களில் காப்பகத்திலேயும் இனப்பெருக்கம் கைகூடியது. 1994இல் பிளாக் ரிவர் பள்ளத்தாக்குகள் தேசியப் பூங்கா உருவாகிக் கிளியின் காடு சட்டப் பாதுகாப்புக்குள் வந்தது. 1997இல் முதல் பறவைகள் காட்டில் விடப்பட்டன. 2005 வரை விட்டவை சுமார் 140. இந்தப் பறவைகள் எண்ணிக்கையைக் கூட்டியதோடு நிற்கவில்லை. காட்டில் தீவனப் பெட்டி வைத்தபோது காட்டுக் கிளிகள் ஆண்டுக்கணக்கில் அவற்றைச் சீண்டவே இல்லை. பெட்டியில் தின்று வளர்ந்த கிளிகள் வெளியே வந்து தின்னத் தொடங்கியதும், அவற்றைப் பார்த்து மற்றவையும் பழகின. மரப்பெட்டிக் கூடுகளும் இதே போல மெல்லத்தான் ஏற்கப்பட்டன. நல்ல மரப்பொந்துகள் அரிதாகிவிட்ட காட்டில் பின்னாளில் பெரும்பாலான சோடிகள் இந்தப் பெட்டிகளிலேயே குஞ்சு பொரித்தன. 2007இல் எண்ணிக்கை 300ஐத் தாண்டியது.

அதற்குள் வேறொரு சிக்கல் முளைத்தது. அலகும் இறகும் சிதையும் வைரஸ் நோய் உலகெங்கும் கிளிகளைத் தாக்கும் ஒன்று. இறகு உதிர்ந்து, அலகு உருக்குலைந்து, நோயெதிர்ப்பு குன்றிப் பறவை மடியும். 2005இல் அது மொரீஷியஸ் கிளிகளில் பரவியது. கூட்டுக்குக் கூடு குஞ்சு மாற்றுவதும் கையால் வளர்ப்பதும் நோயைக் கடத்தும் வழியாகலாம் என்பதால் இரண்டும் நிறுத்தப்பட்டன. கருவிகளையும் கைகளையும் கிருமி நீக்கிய பிறகே அடுத்த கூட்டைத் தொடுவது என்ற கட்டுப்பாடு வந்தது. தீவனப் பெட்டியில் பல பறவைகள் கூடுவதும் கவலைக்குரியதாயிற்று. இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டு இரத்த மாதிரிகளைக் கொண்டு வைரஸின் போக்கையும், கூடுதல் தீவனத்தால் விளையும் நன்மை தீமைகளையும், குறுகிய மரபணு வளத்தையும் ஆராய்ந்தார்கள். நோய் சில பறவைகளைக் கொன்றது. ஆனால் பெருக்கத்தைத் தடுத்து நிறுத்தவில்லை.

எல்லாப் பறவைகளும் ஒரே காட்டில் இருப்பது ஒரு புயலுக்கே தாங்காத நிலை. ஆகவே 2015 முதல் தீவின் கிழக்கே ஃபெர்னே பள்ளத்தாக்கிலும் கிளிகள் விடப்பட்டு இரண்டாவது குடியிருப்பு உருவானது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் மிக அருகிய இனமாக இருந்த கிளி, 2007இல் அருகிய இனம் என்ற படிக்கும், 2019இல் அழிய வாய்ப்புள்ள இனம் என்ற படிக்கும் இறங்கியது. இந்தப் பட்டியலில் படி இறங்குவது என்றால் ஆபத்து குறைந்தது என்று பொருள். வல்லூறு, புறா, கிளி ஆகிய மூன்றையும் மீட்ட பணிக்காகக் கார்ல் ஜோன்ஸுக்கு 2016இல் இண்டியானாபோலிஸ் பரிசு வழங்கப்பட்டது.

கிளி மீண்டது, காடு மீளவில்லை. இன்றும் கூட்டுப் பெட்டிகளைப் பழுதுபார்த்து, தீவனம் வைத்து, எலியைக் கட்டுப்படுத்தினால்தான் எண்ணிக்கை நிலைக்கும். தேசியப் பூங்காத் துறையும் வனவுயிர் அறக்கட்டளையும் சில காட்டுத் துண்டுகளுக்கு வேலியிட்டு, மானையும் பன்றியையும் வெளியே நிறுத்தி, கொய்யாப் புதரைக் கையால் பிடுங்கி வருகின்றன. அப்படிக் களை நீக்கிய இடங்களில் நாட்டு மரக் கன்றுகள் மறுபடி முளைக்கின்றன. ஆனால் அவை முதிர்ந்து பொந்து விழப் பல தலைமுறை ஆகும். அதுவரை இந்தக் கிளியின் கூடு மனிதர் செய்து தரும் பெட்டியாகவே இருக்கும்.