உடைந்த பொதிகளின் வரலாறு

1996 ஜூனில் டெபியன் 1.1 வெளிவந்தபோது அதில் 474 பொதிகள். 2023 ஜூனில் டெபியன் 12 வந்தபோது 64,419. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். அதில் குள்ளஞ்சாவடிக்கும் ஒரு சின்ன இடம் உண்டு.

பொதி என்றால் மென்பொருளை மடித்துக் கட்டிய மூட்டை. மூட்டையின் மேல் ஒரு சீட்டு: "நான் ஓடணும்னா இன்னின்னார் வீட்டில் இருக்கணும்." அந்த இன்னின்னார்தான் சார்புகள். பாட்டுப் பெட்டி ஒன்றை நிறுவ வேண்டும் என்றால் ஒலியைப் பிரிக்கிற நூலகம் வேண்டும், ஜன்னல் வரைகிற நூலகம் வேண்டும். எல்லோருக்கும் அடியில், வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி, லிப்சி வேண்டும்.

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். டிபிகேஜி என்ற பொதி நிர்வாகி 1994இல் உருவானது. அதன் முக்கியப் பகுதியை சி மொழியில் எழுதியவர் இயன் ஜாக்சன். டிபிகேஜி கறாரான ஆள். சீட்டைப் படிக்கும், இல்லாததைச் சொல்லும், அவ்வளவுதான். போய் வாங்கிக்கொண்டு வராது. மூட்டையைப் பாதி பிரித்துப் போட்டுவிட்டு "சார்பு நிறைவேறவில்லை" என்று நின்றுவிடும். ஒன்றைத் தேடிப் போனால் அது இன்னும் இரண்டைக் கேட்கும், அந்த இரண்டும் ஐந்தைக் கேட்கும். இதற்கு உலகம் முழுக்க வைத்த பெயர் சார்பு நரகம். கொஞ்சம் மிகையான பெயர்தான், ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு அது மிகையாகத் தெரியாது.

1998 ஜூலையில் வந்த டெபியன் 2.0, லிப்சி5இலிருந்து லிப்சி6க்கு மாறியது. அஸ்திவாரத்தை மாற்றினால் மேலே இருக்கிற அத்தனை அறையையும் தொடவேண்டும். அடுத்த மார்ச்சில், 2.1உடன் ஆப்ட் வந்தது. சீட்டைப் படித்து, தேவையானதை எல்லாம் தானே இணையத்திலிருந்து இறக்கி, சரியான வரிசையில் வைக்கிற கருவி. அப்போது பொதிகள் சுமார் 2,250. பாதியில் நின்ற மூட்டைகளைச் சரிசெய்ய 'ஆப்ட்-கெட் மைனஸ் எஃப் இன்ஸ்டால்' என்று ஒரு கட்டளை. உடைந்ததை ஒட்டு என்று அர்த்தம்.

ஒட்டுவது லேசான வேலை இல்லை. கல்யாணத்துக்கு ஆள் அழைப்பதை நினைத்துப் பாருங்கள். பெரியப்பா வரணும்னா அத்தையோ மாமாவோ யாராவது ஒருத்தர் கூட வரணும். அத்தை வந்தா சித்தப்பா வரமாட்டார். சித்தப்பா வராம சித்தி வரமாட்டாங்க. பத்துப் பேர் என்றால் மனக்கணக்கில் தீரும். ஆயிரக்கணக்கில் போனால்? ஐரோப்பாவில் ஈடாஸ் என்ற ஆய்வுத் திட்டத்தார் 2006இல் இதை நிரூபித்துக் காட்டினார்கள்: ஒரு பொதியை நிறுவ முடியுமா என்ற கேள்வி, கணினியியலில் மிகக் கடினமானவை என்று ஒதுக்கிவைத்த என்பி-முழுமை வகைக் கணக்குகளில் ஒன்று. நடைமுறையில் பெரும்பாலும் நொடியில் தீர்ந்துவிடுகிறது என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

கடலூரில் விருத்தாசலம் பஸ் ஏறினால் குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி, வடலூர், அப்புறம் நெய்வேலி. சுற்றிலும் முந்திரி. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்தவர்கள் கையில் வந்த அந்தக் கணினியில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது சி-டாக் உருவாக்கிய, டெபியனை அடியாகக் கொண்ட இந்திய இயங்குதளம், 2007இல் வெளிவந்தது. ஆக, இயன் ஜாக்சன் எழுதிய அந்தக் கறாரான ஆள் எங்கள் தெருவுக்கும் வந்து சேர்ந்தார். டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் முந்திரியையும் பலாவையும் சாய்த்துப்போட்டது. கரண்ட் இல்லாத நாட்களில் யாரும் லினக்ஸைப் பற்றிப் பேசவில்லை.

கரண்ட் வந்தபிறகு பேசினோம். ஆப்ட் ஒன்றைச் சொல்லாமலே நம்புகிறது: உன் வீட்டில் எப்போதும் இணையம் இருக்கும். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் இல்லை. நாங்கள் பென் டிரைவை எடுத்துக்கொண்டு நெய்வேலிக்கோ கடலூருக்கோ போவோம், பிரவுசிங் சென்டரில் ஒரு டெப் கோப்பை இறக்கிக்கொண்டு வருவோம். டிபிகேஜி சீட்டைப் படிக்கும், மூன்று பேரைக் கேட்கும். மறுபடியும் பஸ். அந்த மூன்று பேர் புதிய லிப்சியைக் கேட்பார்கள், ஏனென்றால் கோப்பு உபுண்டுவுக்கு என்று கட்டிய மூட்டையாக இருக்கும். ஒட்டு கட்டளையைக் கொடுத்தால், ஆசையாய்க் கொண்டுவந்த பொதியையே தூக்கிவிடவா என்று அது பணிவாகக் கேட்கும். கணினியைப் பொறுத்தவரை அதுவும் ஒரு சரியான தீர்வுதானே!

பாஸ் எடுபடவில்லை, பசங்களுக்கு விண்டோஸ்தான் பிடித்தது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விண்டோஸில் ஒரே இஎக்ஸ்இ கோப்பு தனக்கு வேண்டியதைத் தன் வயிற்றிலேயே சுமந்து வரும். பென் டிரைவ் உலகத்துக்கு அது பொருந்தியது. டெபியன் பகிர்ந்துகொள்ளும் குடும்பம். ஒரே நூலகத்தை நூறு பேர் பயன்படுத்தலாம், ஒரு ஓட்டையை ஒருமுறை அடைத்தால் நூறு பேருக்கும் அடைபடும். ஆனால் குடும்பம் ஒரே ஊரில் இருக்கணும். எங்களுக்கு வேண்டியிருந்தது ரசனை மாற்றம் இல்லை. பள்ளிக்கு ஒரு டிவிடி கட்டு போதும், டெபியன் தன் மொத்தக் களஞ்சியத்தையும் வட்டில் போட்டே கொடுத்துக்கொண்டிருந்தது. 2005இல் வந்த 3.1 பதிப்பின் சுமார் 15,400 பொதிகளும் 14 சிடியில் அடங்கின.

இந்தச் சிக்கலுக்கு விடையை எழுதியவரும் இந்தியர்தான்: டெபியன் உருவாக்குநர் ரித்தேஷ் ராஜ் சரஃப். கருவியின் பெயர் ஆப்ட்-ஆஃப்லைன், அதற்கு முன்பு பைப்ட்-ஆஃப்லைன். மூன்றே படி. வீட்டுக் கணினியில் 'செட்' என்றால், எனக்கு இன்னது வேண்டும், என்னிடம் இல்லாதது இவை என்று ஒரு குட்டிக் கோப்பு எழுதும். அதை இணையம் உள்ள எந்தக் கணினிக்கும் கொண்டுபோகலாம், விண்டோஸாக இருந்தாலும் பரவாயில்லை. அங்கே 'கெட்' என்றால், பட்டியலில் உள்ள அத்தனையும் ஒரே ஜிப்பாக இறங்கும். வீட்டுக்கு வந்து 'இன்ஸ்டால்'. கணக்கு முழுக்க வீட்டிலேயே முடிந்துவிடுவதால் பஸ் ஒரே தடவைதான். கேட்டால், அந்தப் பொதிகளைப் பற்றி மற்றவர்கள் எழுதிவைத்த பிழைப் புகார்களையும் அதே ஜிப்பில் சேர்த்துக் கொண்டுவரும்.